வீட்டைப் பார்த்துத் திரும்பினால் பறக்கிறாள்: சவாரியைச் சரிசெய்ய யோசனை வேண்டும்

கண்மாய்க்கரை | பிப்ரவரி 2, இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஊர். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போனவன், ஒரு பெண் குதிரையோடு திரும்பி வந்தேன். வீட்டில் கிடைத்த வரவேற்பை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயது, கத்தியவாரி கலப்பு என்றார் விற்றவர். காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். நிறம் செவலை, பெயரும் செவலையே.

அதற்கு முன்பு ஒரு மாதம் சவாரி வகுப்புக்குப் போயிருக்கிறேன். வட்டத்துக்குள் சுற்றி வந்ததோடு சரி. நடையில் பிரச்சினை இல்லை. டிராட் என்கிற மெல்லோட்டம் போனால் மாவு மூட்டை மாதிரி குதிக்கிறேன், அப்புறம் இரண்டு நாளைக்கு இடுப்பு பேசுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கண்மாய்க் கரையில் ஆனைமலையைப் பார்த்துப் போகும்போது நத்தை. திரும்பி வீட்டைப் பார்த்துவிட்டால், வாரை எவ்வளவு இழுத்தாலும் நிற்காமல் பறக்கிறாள். போன ஞாயிறு சீமைக்கருவேலத்துக்குள் கொண்டுபோய் விட்டாள். சட்டை கிழிந்தது, கண் தப்பியது.

விற்றவர் கொடுத்த கடிவாளம்தான் போடுகிறேன். அதைப் போடும்போதும் தலையைத் தூக்கிக்கொண்டு வாயை இறுக்கிக்கொள்கிறாள். இன்னும் கடுமையானதாக மாற்றலாமா, இல்லை கோளாறு என்னிடமா?

மேலூர் ரேக்ளா | பிப்ரவரி 2, இரவு 9.40

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும். பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். தம்பி, எங்கள் தாத்தா காலத்திலிருந்து குதிரை வண்டி வைத்திருக்கிற வீடு. முள் வைத்த கடிவாளம் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள், தானாக நிற்கும்.

அழகர் பக்தன் | பிப்ரவரி 2, இரவு 9.52

நான் பார்த்ததிலேயே சொன்ன பேச்சு கேட்கும் குதிரை ஒன்றுதான். சித்ரா பௌர்ணமிக்கு வைகையில் இறங்கும் தங்கக் குதிரை. அதற்கும் தூக்க ஆள் வேண்டும்.

பல்லும் குளம்பும் | பிப்ரவரி 3, காலை 6.20

கால்நடை மருத்துவர் பேசுகிறேன். குதிரை என் அன்றாட வேலை இல்லை என்றாலும் ஓரளவு பார்த்திருக்கிறேன்.

மேலூரண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு விதிகளே தடை செய்துவிட்டன. சட்டத்தை விடுங்கள், வேலைக்கும் அது ஆகாது. குதிரை வலியிலிருந்து ஓடும் பிராணி. வாய் வலித்தால் நிற்கத் தோன்றாது, இன்னும் வேகமாக ஓடத்தான் தோன்றும். நீங்கள் சொன்ன பழமொழி உண்மைதான். ஆனால் அதைக் குதிரையின் திமிர் என்று படிக்காமல் நோய்க்குறி என்று படித்துப் பாருங்கள். வாயை மூடுகிற குதிரைக்கு வாயில் ஏதோ இருக்கிறது.

கண்மாய்க்கரை, சவாரியை நிறுத்திவிட்டு முதலில் இதையெல்லாம் பாருங்கள். கடிவாளத்து இரும்பை உங்கள் முன்கையில் வைத்து அழுத்தி இழுங்கள். கீறினால் தூக்கிப் போடுங்கள். உதட்டு ஓரத்தில் புண்ணோ தழும்போ உண்டா? குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம், அதனால் மேல் கடைவாய்ப் பல்லின் வெளிவிளிம்பும் கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் தேயாமல் கத்தி மாதிரி ஆகும். கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்து அரத்தால் ராவிவிட வேண்டும். நீங்களே கையை விட்டுப் பார்க்காதீர்கள், விரல் போய்விடும். அப்புறம் சேணம். பிடரி முடிகிற தோள்மேட்டில் திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அந்த இடத்தைச் சேணம் நெடுநாளாக அழுத்தியிருக்கிறது. சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும். நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே ரத்த ஓட்டமே நசுங்குகிறது.

முள்ளுக்குள் விழுந்ததாகச் சொன்னீர்கள். அவள் கால்களையும் குளம்படியையும் தடவிப் பார்த்தீர்களா? ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, குதிரை அளவுக்கு எளிதில் பலியாகும் வீட்டு விலங்கு வேறு இல்லை. சின்னதாக ஒரு முள் தைத்தாலே போதும். தடுப்பூசி போட்ட சீட்டு இல்லையென்றால் இன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கண்மாய்க்கரை | பிப்ரவரி 4, இரவு 8.05

சார், கை நடுங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். இரும்பின் உள்பக்கம் சின்னச் சின்னப் பல் இருக்கிறது. ஆறு மாதமாக அதைத்தான் போட்டிருக்கிறேன். உதட்டின் வலது ஓரத்தில் பழைய தழும்பும் அதன்மேல் புதுப் புண்ணும். தோள்மேட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெள்ளை முடி, அதை அழகு என்று நினைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்திருந்தேன். முள் எதுவும் தைக்கவில்லை. ஊசி போட்டாயிற்று. பல் பார்க்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

மேலூர் ரேக்ளா | பிப்ரவரி 4, இரவு 8.30

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன், வண்டிக் குதிரை வேறு. ஆனாலும் புண் வாயில் எதையும் போடாதீர்கள் தம்பி. ஆறும்வரை தலைக்கயிற்றோடு நடத்திக் கூட்டிப் போங்கள். எங்கள் அப்பா வாங்கிய குதிரையை முதல் ஒரு மாதம் நடத்தித்தான் பழக்குவார்.

தல்லாகுளத்துப் பொண்ணு | பிப்ரவரி 5, காலை 5.50

இப்போது பெங்களூரில் இருக்கிறேன், பத்து வருடமாகச் சவாரி. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புண் ஆறுவதற்கு மூன்று வாரம் ஆகும் என்று வையுங்கள். அதை வீணாக்காதீர்கள். மேலூரண்ணன் சொன்ன தரைநடைதான் உங்களுக்கு முதல் பாடம். தலைக்கயிற்றை லேசாகப் பின்னால் அழுத்திப் பிடியுங்கள். அவள் எடையைப் பின்னால் சாய்த்தாலே போதும், அந்தக் கணமே விட்டுவிடுங்கள். கயிற்றை இழுத்தால் நிற்க வேண்டும் என்று குதிரை கற்பதில்லை. நின்றால் இழுப்பு போய்விடும் என்பதைத்தான் கற்கிறது. விடுகிற அந்த நொடிதான் பாடம். மூன்று நொடி தாமதமாக விட்டால், அந்த மூன்றாவது நொடியில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாளோ அதுதான் சரி என்று பதிந்துவிடும். தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் தலையாட்டலைக் கற்றுக்கொள்வாள்.

இப்போது கரையில் நடந்ததை இதை வைத்துப் பாருங்கள். அவள் ஓடுகிறாள், நீங்கள் இழுக்கிறீர்கள், அவள் நிற்கவில்லை, நீங்கள் இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். வீட்டு வாசலில் நிற்கிறாள், இறங்குகிறீர்கள், சேணத்தை அவிழ்க்கிறீர்கள், தொட்டியில் கொள்ளு. வலி, சுமை, பசி மூன்றும் ஒரே இடத்தில் தீர்கிறது. நான் குதிரையாக இருந்தாலும் பறப்பேன்.

அதனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கரையில் தூரமாக ஒரு மர நிழலில் நிறுத்தி, இறங்கி, வயிற்று வாரை ஒரு துளை தளர்த்தி, பத்து நிமிடம் புல் மேயவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே அவிழ்க்காமல் வாசலில் எட்டுப் போடுவதுபோல வளைத்து வளைத்து நடையிலேயே வேலை வாங்குங்கள். தீனி அரை மணி நேரம் கழித்து. திரும்பும் வழியில் அவள் நடை நீளத் தொடங்கும்போதே, டிராட் ஆவதற்கு முன்பே, எதிர்ப்பக்கம் திருப்பிப் பத்து அடி நடத்துங்கள். அமைதியானால் மறுபடியும் வீட்டுப் பக்கம். முதல் நாள் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

ஓட ஆரம்பித்த பிறகு இரண்டு வாரையும் சேர்த்து இழுப்பது வீண், முன்னூறு கிலோவோடு கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயிக்க முடியாது. ஒரு பக்க வாரை மட்டும் பிடித்து வளைத்துச் சின்ன வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதுவும் இடம் இருந்தால்தான். குறுகலான கரையில், முழு வேகத்தில் கழுத்தைத் திடீரென்று மடக்கினால் இருவரும் உருளுவீர்கள். ஆகவே வேகம் எடுப்பதற்கு முன்பே செய்யுங்கள்.

ஹெல்மெட் போடுகிறீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

கண்மாய்க்கரை | பிப்ரவரி 5, காலை 7.10

பைக் ஹெல்மெட் அக்கா. சில நாள் அதுவும் இல்லை. செருப்போடும் ஏறியிருக்கிறேன்.

தல்லாகுளத்துப் பொண்ணு | பிப்ரவரி 5, காலை 7.25

நல்லவேளை நான் பக்கத்தில் இல்லை. சவாரிக்கென்று வரும் ஹெல்மெட் வாங்குங்கள். ஒருமுறை விழுந்து தலை அடிபட்டால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும். காலுக்குச் சின்னக் குதி வைத்த ஷூ. குதி இல்லாவிட்டால் விழும்போது பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் தொங்கும் மிதி வளையத்துக்குள், நுழைந்து மாட்டிக்கொள்ளும். அப்புறம் குதிரை உங்களை இழுத்துக்கொண்டே ஓடும்.

வாசிப்பறை | பிப்ரவரி 5, மதியம் 1.30

இடையில் ஒரு செய்தி. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதைத்தான் எழுதி வைத்தார். அரபுக் கடலோரத்திலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் வருடா வருடம் பணத்தைக் கொட்டி ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறார்கள், ஆனால் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று. சோற்றோடு வெந்த கறியைக் கலந்து போடுகிறார்களாம்! குதிரை வாங்க அரசன் கொடுத்த பணத்தில் கோயில் கட்டிய மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கதையிலும் கடைசியில் மிஞ்சியது நரிதான்.

கண்மாய்க்கரை, செவலைக்கு என்ன போடுகிறீர்கள்?

கண்மாய்க்கரை | பிப்ரவரி 5, இரவு 9.00

கறி இல்லை சார். மாட்டுக்கு வைத்திருக்கிற கோ-4 கம்பு நேப்பியர் புல் வயிறு நிறைய, கோதுமைத் தவிடு இரண்டு கிலோ, ஊறவைத்த கொள்ளு மூன்று கிலோ. கொள்ளு போட்டால்தான் குதிரை என்று எல்லோரும் சொன்னார்கள்.

பல்லும் குளம்பும் | பிப்ரவரி 6, காலை 6.00

பறப்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் தொட்டியில் இருக்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்யும் குதிரைக்கு மூன்று கிலோ கொள்ளு அதிகம். குறையுங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம், பத்து நாளில். குதிரையின் இரைப்பை சிறியது, அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. தீனியைச் சட்டென்று மாற்றினால் வயிற்று வலி வந்து உயிருக்கே ஆபத்து.

அதைவிட முக்கியம் புல். மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கு நல்லதில்லை. கம்பு நேப்பியர் வகையில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்து வருடக்கணக்கில் போனால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும். முகத்து எலும்பு வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். அருகம்புல், காய்ந்த நல்ல புல், கொஞ்சம் குதிரைமசால் என்று மாறுங்கள். பேரிலேயே குதிரை இருக்கிற தீவனத்தை நம் ஊரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் போடுகிறோம். உப்புக்கட்டி ஒன்று தொங்கவிடுங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். மதுரை வெயிலுக்கு நாளைக்கு 40 லிட்டருக்கு மேலும் குடிப்பாள்.

உங்கள் எடை என்ன? அவள் எடையைக் கணக்குப் போடத் தராசு வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ வரும்.

கண்மாய்க்கரை | பிப்ரவரி 6, மாலை 6.45

சுற்றளவு 162, நீளம் 150. கணக்குப்படி 331 கிலோ. நான் 68, சேணம் 7.

பல்லும் குளம்பும் | பிப்ரவரி 6, இரவு 7.30

சேணத்தையும் சேர்த்துக் குதிரை எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. உங்களுக்கு 66 கிலோ. நீங்கள் 75. சவாரிக் குதிரைகளில் 15, 20, 25, 30 சதவீதம் என்று ஏற்றிப் பார்த்த ஆய்வில் 25-லும் 30-லும்தான் தசைவலி தெளிவாகத் தெரிந்தது. நீங்கள் இருப்பது விளிம்பில். நேரத்தைக் குறையுங்கள், டிராட்டைவிட வேகமான கேன்டர் இப்போதைக்கு வேண்டாம். பரோட்டாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அழகர் பக்தன் | பிப்ரவரி 6, இரவு 7.41

சொல்லிவிட்டீர்களே டாக்டர்.

கண்மாய்க்கரை | மார்ச் 3, இரவு 8.50

தாமதத்துக்கு மன்னிக்கவும். பல் ராவியாயிற்று, பார்த்தவர் கன்னத்தின் உள்பக்கம் இரண்டு இடத்தில் அறுத்திருந்ததைக் காட்டினார். புண் ஆறிவிட்டது. வழுவழுப்பாக, நடுவில் இணைப்பு உள்ள சாதாரண ஸ்னாஃபிள் கடிவாளம் வாங்கினேன். முதல் நாள் அதைப் பார்த்ததும் தலை மேலே போய்விட்டது. இரும்பில் கொஞ்சம் வெல்லம் தடவி நாலைந்து நாள் போட்டுக் கழற்றினேன். இப்போது அவளாகவே வாயைத் திறக்கிறாள். இனிமேல் பழமொழியை மாற்ற வேண்டும் மேலூரண்ணே.

கரைவேலை நடக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். டிராட்டில் இன்னும் மூட்டைதான். அக்கா, உதவி.

தல்லாகுளத்துப் பொண்ணு | மார்ச் 4, காலை 5.40

டிராட் இரண்டு தாளம். இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக, அப்புறம் வலது முன்காலும் இடது பின்காலும். ஒரு தாளத்துக்கு எழுந்து ஒரு தாளத்துக்கு உட்கார வேண்டும். எழுவது என்றால் அங்கவடியை மிதித்து எம்புவது இல்லை. அவள் முதுகே உங்களைத் தூக்கும், நீங்கள் இடுப்பை முன்னால் விட்டால் போதும். இறங்குவதும் தொப்பென்று இல்லை. வட்டத்தில் போகும்போது வெளிப்பக்கத் தோள் முன்னே போகிற நேரம் எழுங்கள். கீழே குனிந்து பார்க்கலாம், ஒரு நொடி மட்டும். குனிந்தே இருந்தால் உங்கள் எடை முன்னால் போய் அவளும் முன்காலில் விழுவாள்.

மூட்டையாகக் குதிப்பவர்கள் பெரும்பாலும் முழங்காலால் கவ்வுகிறவர்கள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கவ்வுவோம், கவ்வக் கவ்வ முழங்கால் கீல் மாதிரி ஆகி, மேல் உடம்பைத் தூக்கி எறியும். தொடையைத் தளரவிட்டு எடையைக் குதிகாலுக்கு இறக்குங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அடிக்கடி மறந்துபோவது மூச்சு. பிடித்து வைத்தால் முதுகு பலகை ஆகிவிடும். வாய்விட்டு எண்ணுங்கள், பாட்டுப் பாடுங்கள், யாரும் பார்க்கவில்லை.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது, தெரிந்த ஒருவர் நீளக் கயிற்றில் அவளைப் பிடித்து வட்டம் ஓட்ட, நீங்கள் வாரே இல்லாமல் மேலே உட்காருவது. லஞ்சிங் என்பார்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சின்ன வட்டம் மூட்டுக்குக் கெடுதல். வார் கையில் இருக்கும்வரை நாம் அதைப் பஸ் கம்பி மாதிரி பிடித்துத்தான் சமாளிக்கிறோம். அந்தக் கம்பி அவள் வாயில் இருக்கிறது.

மேலூர் ரேக்ளா | மார்ச் 4, காலை 9.15

தம்பி, தாளம் பிடிபட ஒரு வழி. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளைச் சேணம் இல்லாமல் சணல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு ஏற்றிவிடுவார்கள். கண்ணை மூடச் சொல்லி, இப்போது எந்தப் பின்கால் தரையில் என்று கேட்பார் தாத்தா. தப்பாகச் சொன்னால் இறங்கி நடக்க வேண்டும். நடையில்தான், ஓட்டத்தில் இல்லை. இந்தச் சனிக்கிழமை ஒத்தக்கடைப் பக்கம் வருகிறேன், கயிறு பிடிக்க நான் நிற்கிறேன்.

தல்லாகுளத்துப் பொண்ணு | மார்ச் 4, காலை 9.30

அண்ணே, எங்கள் பயிற்சியாளர் ஒரு வருடம் கழித்துச் சொல்லித் தந்ததை உங்கள் தாத்தா சாக்கு மடித்தே சொல்லித் தந்திருக்கிறார்.

நாட்டியப்புரவி | மார்ச் 10, மாலை 5.00

கல்யாண ஊர்வலத்துக்குச் செவலையை ஆடப் பழக்கலாமே, சீசனில் நல்ல காசு. சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு ரவுண்டு போனால் ஊரே பேசும்.

பல்லும் குளம்பும் | மார்ச் 10, இரவு 9.20

நான் பார்த்த ஆடும் குதிரைகள் பல, வலிக்குப் பயந்து காலைத் தூக்குபவைதான். என் கருத்து இது, சண்டைக்கு வர வேண்டாம். லட்சக்கணக்கான ஜனத்துக்கு நடுவில், தண்ணீர் பீய்ச்சலிலும் மேளத்திலும், கரையில் மட்டும் நடந்து பழகிய குதிரையைக் கொண்டுபோனால் மிதிபடுவது குழந்தைகள். குதிரைக்கு நேர் முன்னாலும் நேர் பின்னாலும் கண் தெரியாத இடம் உண்டு. கூட்டத்தில் ஆட்கள் நிற்பது அங்கேதான்.

கண்மாய்க்கரை | மார்ச் 10, இரவு 9.45

எனக்கும் அந்த ஆசை ஒரு காலத்தில் இருந்தது. இப்போது இல்லை. வைகை மணலில் ஓட்டலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பல்லும் குளம்பும் | மார்ச் 11, காலை 6.10

ஈரமாக இறுகிய மணலில் நடை, கொஞ்சம் டிராட். புதையும் மணலில் ஓட்டினால் கால் தசைநார் போய்விடும், ஆறப் பல மாதம். தார்ச்சாலையிலும் டிராட் வேண்டாம். லாடத்தை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கழற்றிக் குளம்பைச் சீவி மாற்றுங்கள்.

இனி வெயில் ஏறும். காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். முடித்ததும் கீழ்த்தாடை ஓரத்தில் விரல் வைத்து நாடி பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்கும், வேலைக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 60-க்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் வேலை அதிகம். சூடான உடம்பில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பார்கள், நம்பாதீர்கள். தாராளமாக ஊற்றுங்கள், குடிக்கவும் விடுங்கள்.

கண்மாய்க்கரை | ஏப்ரல் 6, இரவு 8.20

மேலூரண்ணன் நான்கு சனிக்கிழமை வந்து கயிறு பிடித்தார். கண்ணை மூடி மொத்தம் பதினோரு முறை தப்பாகச் சொல்லி இறங்கி நடந்தேன். ஐந்தாவது வாரம் டிராட்டில் ஒரு முழு வட்டம், இடுப்பு தானாகப் போனது. அப்புறம் யோசித்ததும் மறுபடி மூட்டை. ஆனாலும் அந்த ஒரு வட்டம்!

வீட்டுப் பக்கம் பறப்பது நின்றுவிட்டது. வாரைத் தொங்கவிட்டே வருகிறேன். ஆனால் புதுத் தொல்லை. கரையில் ஓய்வு கொடுக்கும் புங்க மரத்தை நோக்கி இப்போது பறக்கிறாள். மரத்தடி வந்ததும் தானாக நின்று, இறங்கு என்பதுபோல் திரும்பிப் பார்க்கிறாள்.

தல்லாகுளத்துப் பொண்ணு | ஏப்ரல் 6, இரவு 8.35

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். பாடம் சரியாகத்தான் ஏறியிருக்கிறது, நீங்கள் ஒரே மரத்தில் நடத்திவிட்டீர்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். புங்க மரத்தை நிற்காமல் நடையில் கடந்து போங்கள். கடந்து முப்பது அடியில் அமைதியாக இருந்தால் அங்கே இறங்குங்கள்.

மேலூர் ரேக்ளா | ஏப்ரல் 6, இரவு 8.50

தம்பி, வெயில் நாள். நிழல் இல்லாத இடத்தில் நிறுத்தாதீர்கள்.

கண்மாய்க்கரை | ஏப்ரல் 6, இரவு 9.00

கரையில் இன்னும் இரண்டு புங்க மரம், ஒரு ஆலமரம், ஐயனார் கோயில் வேம்பு இருக்கிறது அண்ணே. நாளைக்கு ஆலமரம். கோயிலில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும், அவற்றைப் பார்த்து என்ன செய்வாள் என்று தெரியவில்லை. அதனால் வேம்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.